பீடத்து மெழுகுதிரித் தண்டுகள்: வயதை அறியும் வழிகள்

திருவிழா நெருங்கும் வாரத்தில் நம் ஆலயங்களில் முதலில் திறக்கப்படுவது பீடத்துக்குப் பின்னால் இருக்கும் திருப்பொருள் அறை. கொடிக்கயிறும் சப்பரத் துணிகளும் வெளியே வரும். ஆண்டு முழுவதும் மூலையில் கிடந்த பித்தளைச் சாமான்களும் அவற்றோடு வரும். அன்பியத்துத் தாய்மார் புளியும் செங்கல் தூளுமாக உட்கார்ந்து தேய்க்கத் தொடங்குவார்கள். பழைய இரும்பு, பித்தளை எடுப்பவரின் வண்டியும் அந்த வாரத்தில் தவறாமல் ஆலய வாசலுக்கு வந்து நிற்கும்.

கோவில்பட்டிக்கு அருகே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் நாம் பங்குப் பணி செய்த காலம். ஒரு திருவிழா வாரத்தில் எங்கள் கோவில்பிள்ளை இரண்டு வகை மெழுகுதிரித் தண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்தார். ஒருபுறம் மூன்றடி உயரத்தில், பொன் நிறத்தில், பூ வேலைப்பாட்டோடு ஆறு தண்டுகள். மறுபுறம் ஒரு முழ உயரத்தில், கறுத்து, கரடுமுரடாக இரண்டு. "இந்த ஆறும் வீரமாமுனிவர் காலத்துச் சாமான், சாமி. தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான் சொல்லுவாங்க. இந்த ரெண்டையும் எடைக்குப் போட்டுட்டுப் புதுசா வாங்கிருவோமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. பளபளப்பானது மதிப்புள்ளது, கறுத்தது கழிவு என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு முறை எடைக்குப் போனது உலையில் உருகிவிடும்; திரும்ப வாங்க முடியாது. எனவே அன்று மாலை நாமும் அவரும் உட்கார்ந்து எட்டுத் தண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தோம். அன்று கண்டதையும், அதன் பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறோம். உங்கள் ஆலயத்திலும், சிற்றாலயத்திலும், ஏன் வீட்டுப் பீடத்திலும்கூட இது பயன்படும்.

தேய்க்கும் முன் பாருங்கள்

முதல் விதி இதுதான்: பார்த்து முடிக்கும்வரை தேய்க்காதீர்கள். ஒரு தண்டின் வயதைச் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. கடைசல் உளி ஓடிய கோடு, இரண்டு பாதிகளைப் பற்றவைத்த தடம், முலாம் தேய்ந்த ஓரம், கொடுத்தவர் பெயர் ஆகியவை ஒரு மயிரிழை ஆழம்தான். செங்கல் தூள் அவற்றை ஆண்டுக்குக் கொஞ்சமாகத் தின்றுவிடும். புளியில் அமிலம் இருக்கிறது. அதில் நெடுநேரம் ஊறிய பித்தளையின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சி, இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "இது செம்புத் தண்டு" என்று ஏமாந்தவர்களும் உண்டு.

பகல் வெளிச்சம், ஒரு கைவிளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும்.

எந்த உலோகம்?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, மஞ்சள் நிறம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. தட்டினால் ஓசை நீண்டு ஒலிக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம், அல்லது உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறது என்று பொருள். கையில் எடுத்தால் எடையே இல்லாமல் வெண்மையாக இருப்பது அலுமினியம். அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே அலுமினியத் தண்டு எதுவும் அதற்கு முந்தைய ஆலயப் பொருளாக இருக்க வாய்ப்பில்லை. துருப்பிடிக்காத எஃகு 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியப் பொருள்களைப் பற்றிய நூல்கள் துத்தநாகத்தின் அளவைக் கொண்டும் காலம் கணிக்கும். அங்கே நெடுங்காலம் துத்தநாகத் தாதுவையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கிப் பித்தளை செய்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேராது. இங்கிலாந்தில் துத்தநாகத்தைத் தனியாக வடிக்கும் முறைக்கு 1738லும், அந்த உலோகத்தைச் செம்போடு நேராக உருக்கும் முறைக்கு 1781லும் காப்புரிமை பெற்றார்கள். எனவே துத்தநாகம் மிகுந்த பித்தளை அங்கே பிற்காலத்தது. நம் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கப் பகுதியில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை வடித்தெடுத்தார்கள். வெளிநாட்டு விதியை நம் ஊர்ப் பொருளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

முள்ளா, குழியா?

தண்டின் தலையைப் பாருங்கள். மெழுகுதிரியைக் குத்தி நிறுத்தும் கூரிய முள் இருக்கலாம். அல்லது திரியைச் செருகும் குழி இருக்கலாம். ஐரோப்பாவில் பழமையானது முள். வீடுகளில் பின்னர் குழி பரவியது. ஆனால் ஆலயப் பீடங்களில் கனமான தேன்மெழுகுத் திரிகளுக்கு முள்ளையே தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் புதிதாக முள் தண்டுகள் செய்யப்படுகின்றன. எனவே முள் இருப்பதால் மட்டும் அது பழையது ஆகிவிடாது. குழி உள்ள சிறிய தண்டு ஒன்று ஆலயத்தில் இருந்தால், அது யாரோ ஒரு குடும்பம் வீட்டில் பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததாக இருக்கலாம் என்று ஐயப்படலாம்.

முள்ளையே தனியாகப் பாருங்கள். சுத்தியலால் அடித்துக் கூராக்கிய இரும்பு முள்ளில் பட்டைகள் தெரியும். எந்திரத்தில் கடைந்த முள் சீராக உருண்டிருக்கும். தண்டு ஒரு காலத்தது, முள் வேறு காலத்தது என்பதும் நடக்கும். மின்சாரம் வந்த பிறகு சில தண்டுகளில் கம்பி செலுத்துவதற்காகத் துளை போட்டு முள்ளைப் பிடுங்கியிருப்பார்கள். அந்தத் துளையின் ஓரம் மற்ற இடங்களைவிடப் புதிதாகத் தெரியும்.

வடிவத்தை மட்டும் கொண்டு வயதைச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டறைகள் நடுக்காலக் கோதிக் வடிவத்தையும், பிற்காலத்தில் வந்த பரோக் வடிவத்தையும் மீண்டும் ஏராளமாகச் செய்தன. இன்று மொராதாபாத் போன்ற பித்தளைத் தொழில் நகரங்களில் பழமைச் சாயலோடு புதுத் தண்டுகள் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். வடிவம் எவரும் பார்த்துச் செய்யக்கூடியது. செய்த முறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கவிழ்த்துப் பாருங்கள்

செய்த முறை தெரியும் இடம் அடிப்பாகம். முன்பக்கத்தை அழகாக்கியவர்கள் அடியை அழகாக்குவதில்லை. ஆகவே அடிப்பாகம் உண்மை பேசும். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, தண்டு ஒரே வார்ப்பா, இரண்டு பாதிகளா? இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பித்தளைத் தண்டின் நடுப்பகுதியை உள்ளே வெற்றிடமாக இரண்டு பாதிகளாக வார்த்து, ஒட்டிப் பற்றவைத்தார்கள். விலை உயர்ந்த உலோகத்தை மிச்சம் பிடிப்பதற்கான வழி அது. தண்டின் இரு பக்கங்களிலும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு தெரியும். வாயால் ஊதி ஈரம் படியச் செய்தால் அந்தக் கோடு தெளிவாகும். பிறகு மீண்டும் ஒரே வார்ப்பாகச் செய்யும் முறை வந்தது.

இரண்டாவது, அடியில் கடைசல் தடம் உண்டா? 18ஆம் நூற்றாண்டுத் தண்டுகளின் அடியைக் கையால் ஓட்டும் கடைசலில் சுரண்டிச் சீராக்குவது வழக்கம். வட்ட வட்டமாக, சீரற்ற கோடுகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் மலிவு வார்ப்புகளில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். மின் எந்திரக் கடைசலில் கோடுகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் அமையும்.

மூன்றாவது, தண்டும் பாதமும் எப்படிச் சேர்ந்துள்ளன? தண்டின் நுனியைப் பாதத்தின் துளையில் செருகி, கீழிருந்து தட்டிப் பரப்பி இறுக்குவது பழைய முறை. மரை போட்டுத் திருகுவதும் பழையதுதான். ஆனால் மரையின் தன்மையைப் பாருங்கள். கையால் வெட்டிய மரை ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் இருக்கும். இங்கிலாந்தில் மரைக்கு ஒரு பொது அளவை ஜோசப் விட்வொர்த் 1841ல் முன்வைத்தார். சீரான, கூரான எந்திர மரை இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் செல்லத் தயங்க வேண்டும்.

நான்காவது, நடுவே இரும்புக் கம்பி ஓடுகிறதா? 19ஆம் நூற்றாண்டில் ஆலயங்களுக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட உயரமான தண்டுகள், மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திப் பூ வேலை எடுத்த பல துண்டுகளால் ஆனவை. கழுத்து, குமிழ், தட்டு, பாதம் என்று ஒவ்வொன்றும் தனி. மாலையில் மணி கோப்பதுபோல நடுக்கம்பியில் கோத்து, அடியில் நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கையில் பிடித்து ஆட்டினால் லேசாகக் கலகலக்கும். பார்வைக்குப் பெரிதாக இருக்கும். தூக்கினால் எதிர்பார்த்த எடை இருக்காது.

நம் நாட்டுக் குத்துவிளக்கு இதற்கு நேர் மாறானது. பாதமும் தண்டும் கனமான வார்ப்புகள். கடைந்து, ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பார்கள். கும்பகோணம் அருகே நாச்சியார்கோவிலில் காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கும் தொழில் இன்றும் நடக்கிறது. அன்னப்பறவை இருக்கும் உச்சியில் சிலுவையை வைத்து நம் ஆலயங்களுக்கும் செய்து தருகிறார்கள். குத்துவிளக்கின் பாதத்தின்மேல் மெழுகுதிரி முள்ளைப் பொருத்திய தண்டைக் கண்டால், அது உள்ளூர்க் கன்னார் கைவேலை என்று எண்ண இடமுண்டு.

முலாமைப் பாருங்கள்

வெள்ளிபோல் தெரியும் தண்டுகளில் மூலைகளும் மேடுகளும் தேய்ந்து உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தால் அது முலாம். செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து உருட்டி ஒட்டும் முறை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740களில் தோன்றியது. மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு எல்கிங்டன் நிறுவனத்தார் 1840ல் காப்புரிமை பெற்றார்கள். எனவே மின்முலாம் உள்ள தண்டு, வெள்ளியானாலும் பொன்னானாலும், 1840க்கு முந்தையதாக இருக்க முடியாது. பழைய பொருளுக்குப் பின்னால் புது முலாம் பூசியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அடியில் ஆங்கிலத்தில் இ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது ஜெர்மன் சில்வரின்மேல் பூசிய வெள்ளி முலாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். குரோமிய முலாம் 1920களுக்குப் பிறகு பரவியது.

நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அதுவும் சான்று. இங்கிலாந்தின் 1887 வணிகக் குறிச் சட்டமும் அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டமும் வந்த பிறகுதான் பொருள்களில் செய்த நாட்டின் பெயரைப் பொறிப்பது பொது வழக்கமானது.

உருவங்கள் சொல்லும் காலம்

ஆலயத் தண்டுகளின் மூன்று முகப் பாதத்தில் திருவுருவங்கள் இருக்கும். நம் திருச்சபையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இவை நல்ல துணை. லூர்து மாதாவின் உருவம் இருந்தால் தண்டு 1858க்குப் பிந்தையது. காட்சி நடந்ததே அந்த ஆண்டில்தான். எம் என்ற எழுத்தின்மேல் சிலுவை நிற்கும் அற்புதப் பதக்கத்தின் அடையாளம் 1830க்குப் பிந்தையது. இயேசுவின் திரு இருதய பக்தி அதற்கு முன்பே இருந்தாலும், அதன் விழா 1856ல் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட பிறகே அந்த உருவம் எங்கும் பரவியது. கிறிஸ்து அரசர் விழா ஏற்படுத்தப்பட்டது 1925ல். நம் அருளானந்தருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் 1853லும், புனிதர் பட்டம் 1947லும் அளிக்கப்பட்டது. தண்டில் அவர் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டம் உள்ளது என்று பாருங்கள்.

எண்ணிக்கையும் பேசும். பழைய முறைத் திருப்பலியில் பெரிய பூசைக்குப் பீடத்தின்மேல் ஆறு தண்டுகள், ஆயர் நிறைவேற்றினால் ஏழு. பீடம் சுவரோடு ஒட்டி, மேலே படிகள் அமைந்த காலம் அது. ஒடுக்கமான படியில் நிற்பதற்கு மூன்று முகப் பாதம் வசதி. சில தண்டுகளில் சுவரைப் பார்த்த பக்கம் வேலைப்பாடு இல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. அதன்பின் குரு மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் பரவியது. மூன்றடித் தண்டுகள் பார்வையை மறைத்தன. அவை அறைக்குள் போயின. முக்கோணச் சட்டத்தில் 15 முள் வைத்த தாங்கி ஒன்று பரணில் கிடந்தால் அதைப் புரியாத இரும்பு என்று ஒதுக்க வேண்டாம். பரிசுத்த வாரத்து இருள் வழிபாட்டில் திரிகளை ஒவ்வொன்றாக அணைப்பதற்கு வைத்திருந்தது அது. 1955ல் பரிசுத்த வாரச் சடங்குகள் திருத்தப்பட்டபின் அது வழக்கொழிந்தது.

எழுத்துகளைப் படியுங்கள்

எல்லாவற்றையும்விட உறுதியானது பொறித்த எழுத்து. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் குளோஸ்டர் மெழுகுதிரித் தண்டு என்ற புகழ்பெற்ற பொருள் ஒன்று உள்ளது. பீட்டர் என்ற மடாதிபதி அதைக் குளோஸ்டர் மடத்துக்குக் கொடுத்ததாக அதிலேயே எழுதியிருக்கிறது. அவர் 1113 வரை மடாதிபதியாக இருந்தார் என்பது தெரியும். எனவே தண்டு 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு உரியது என்று முடிவானது. நம் பங்குகளிலும் இதே வழி உண்டு. தண்டில் ஒரு குருவின் பெயரோ கொடுத்தவரின் பெயரோ இருந்தால், ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் அந்தப் பெயர் எந்த ஆண்டுகளில் வருகிறது என்று தேடுங்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. இங்கே நெடுங்காலம் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது கி.பி. 825ல் தொடங்குவது. தண்டில் 1052 என்று கண்டு ஆயிரம் ஆண்டுப் பழமை என்று மகிழ வேண்டாம். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1052 என்பது 1876-77. கரிசல் மக்கள் மறக்காத தாது வருடப் பஞ்சம் தொடங்கிய காலம். தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் வரும் என்பதை நினைவில் வையுங்கள். தாது என்பது 1816, 1876, 1936, 1996 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். மற்றச் சான்றுகளைக் கொண்டே தெரிவு செய்ய வேண்டும்.

தமிழ் எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ௰ என்பது பத்து, ௱ என்பது நூறு, ௲ என்பது ஆயிரம். எழுத்து வடிவமும் உதவும். லை, னை, ணை, ளை ஆகியவற்றை முன்பு யானைத் தும்பிக்கைபோல் மேல்வளைவோடு எழுதினோம். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் இன்றைய வடிவம் வந்தது. தும்பிக்கை வடிவம் இருந்தால் அநேகமாக அதற்கு முந்தையது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாதிருப்பது ஓலையில் எழுதிப் பழகிய கையைக் காட்டும். எடை பொறித்திருந்தால் அலகைப் பாருங்கள். பலமும் சேரும் பழைய அலகுகள். கிலோ என்றால் 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிந்தையது. பாளையங்கோட்டை மறைமாவட்டத்தின் பெயர் இருந்தால் அது 1973க்கு முன் செல்லாது; அதற்கு முன் நாம் மதுரையோடு இருந்தோம்.

ஒன்றைக் கவனியுங்கள். பொறித்த ஆண்டு என்பது பொருளைக் கொடுத்த ஆண்டு. செய்த ஆண்டு அதற்கு முன்பாகவும் இருக்கலாம்.

எங்கள் எட்டுத் தண்டுகள்

இப்போது அந்த மாலைக்குத் திரும்புவோம். பொன்னிறத் தண்டுகள் ஆறும் நடுக்கம்பியில் கோத்தவை. அடியில் நட்டு, மரை சீரானது. தகடு மெல்லியது. பாதத்தில் லூர்து மாதா. வீரமாமுனிவர் இறந்தது 1747ல். லூர்துக் காட்சியோ அதற்கு 111 ஆண்டுகள் பிந்தியது. கோவில்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அப்போ தாத்தா சொன்னது பொய்யா, சாமி?" என்றார்.

பொய் இல்லை என்று அவருக்குச் சொன்னோம். நம் பகுதியில் காமநாயக்கன்பட்டி பழைய மதுரை மிஷனின் முக்கியத் தலம். வீரமாமுனிவர் அங்கே பணியாற்றினார். அவர் பெயரை இந்த மக்கள் மறக்கவில்லை. தங்களிடம் இருந்த அழகான பொருளோடு அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குருக்கள் காவி உடுத்தித் துறவிகளாக வாழ்ந்தவர்கள். அவர்கள் கட்டிய சிற்றாலயங்கள் பலவும் மண் சுவரும் கூரையுமானவை. மூன்றடிப் பொன்முலாம் தண்டுகளுக்கு அங்கே இடம் ஏது? இயேசு சபை 1773ல் கலைக்கப்பட்டது. 1838ல் பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் வந்து மதுரை மிஷனை மீண்டும் தொடங்கினார்கள். 1876ல் மதுரைக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. கப்பலில் வரும் பெட்டிகள் கரிசல் காட்டுக்கு வந்துசேர அதன் பிறகே எளிதான வழி கிடைத்தது. எங்கள் ஆறு தண்டுகளும் அந்தக் காலத்தோடுதான் பொருந்துகின்றன.

பிறகு அந்தக் கறுத்த இரண்டையும் எடுத்தோம். தூக்கியவுடனே எடை தெரிந்தது. குத்துவிளக்குப் பாதம். அதன்மேல் உளியால் அறைந்து இறக்கிய, சுத்தியலால் அடித்த இரும்பு முள். பாதத்தின் விளிம்பில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது எழுத்துகள் தெரிந்தன. "உபயம்" என்பது மெய்க்குப் புள்ளியில்லாமல் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெயர். மூன்று எழுத்துகள் மட்டுமே மிச்சம். வரியின் இறுதியில் "கொ" என்ற எழுத்து. சற்றுத் தள்ளி "௲" என்ற ஆயிரத்தின் குறி. அதன் பின்னால் இருந்த எண்கள் முழுவதும் வழவழப்பாகத் தேய்ந்துவிட்டன.

கொல்லம் ஆயிரம் என்பது 1824ல் தொடங்குகிறது. எனவே இந்தத் தண்டுகளைக் கொடுத்தது 1824க்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில். பொன்னிறத் தண்டுகளும் ஏறத்தாழ இதே நூற்றாண்டுக்கு உரியவைதான். ஆனால் அவை கடல் கடந்து வந்த நன்கொடை. இவை மழை பார்த்துப் பருத்தியும் கம்பும் விதைத்த இந்த ஊர் மக்களில் ஒருவர் கன்னாரிடம் சொல்லிச் செய்வித்து, பெயரும் ஆண்டும் வெட்டிக் கொடுத்தவை. அவர் பெயர் இன்று நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் எவருடைய அசட்டையும் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு செங்கல் தூள் போட்டுத் தேய்த்த கைகள்தான். அந்த இரண்டு தண்டுகளும் அன்று எடைக்குப் போகவில்லை.

விற்க நமக்கு உரிமை உண்டா?

ஆலயப் பொருள் பங்குத்தந்தைக்கோ ஊர் நிர்வாகத்துக்கோ சொந்தமல்ல. திருச்சபைச் சட்டத்தின் 1283ஆம் எண், ஆலயச் சொத்துகளை நிர்வகிப்போர் விலையுயர்ந்தவை, பண்பாட்டு மதிப்புள்ளவை உள்ளிட்ட எல்லாப் பொருள்களுக்கும் துல்லியமான பட்டியல் எழுதி, ஒரு படியை ஆலய நிர்வாகத்திலும் ஒன்றை மறைமாவட்ட அலுவலகத்திலும் வைக்க வேண்டும் என்கிறது. 1292ஆம் எண், நேர்ச்சையாகக் கொடுக்கப்பட்டவற்றையும் கலையாலோ வரலாற்றாலோ மதிப்புப் பெற்றவற்றையும் விற்பதற்குத் திருப்பீடத்தின் அனுமதி தேவை என்கிறது. திருச்சபையின் பண்பாட்டுச் செல்வங்களுக்கான திருப்பீட ஆணையம் 1999 டிசம்பர் 8ல் பட்டியலிடும் பணியின் அவசரத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் வெளியிட்டது.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத இத்தகைய கலைப்பொருள் தொல்பொருள் ஆகும். உரிமம் இல்லாமல் அதில் வணிகம் செய்வதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். "பழைய சாமானுக்கு நல்ல விலை தருகிறேன்" என்று வாசலுக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். வண்டி தானாகத் திரும்பும்.

இந்த வாரம் செய்யக் கூடியது

ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உயரம், பாதத்தின் அகலம், எடை, உலோகம், எழுத்து, சேதம், இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம், எழுத்து என்று நான்கு படம் எடுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் கொடுக்க இதைவிடப் பெரிய சான்று இல்லை. ஊரில் வயது முதிர்ந்தவர்களிடம் தண்டைக் காட்டி அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். அவர்கள் சொல்வது ஆண்டுக் கணக்கில் தவறலாம். யார் வீட்டார் கொடுத்தார்கள் என்பதில் பெரும்பாலும் தவறாது.

சுத்தம் செய்யும்போது வழிந்த மெழுகைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி போதும். கொதிநீர் கூடாது, சில தண்டுகளின் பாதத்தில் எடைக்காகக் குங்கிலியமோ ஈயமோ நிரப்பியிருப்பார்கள், ஈயப் பற்றும் இருக்கும். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முலாம் உள்ளதை எந்தத் தூளாலும் தேய்க்காதீர்கள். எழுத்துள்ள இடத்தைத் தொடவே வேண்டாம்.

விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் மூடி வைப்பார் இல்லை என்று ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். அவர் பேசியது ஒளியைப் பற்றி. ஆனால் அந்த ஒளியைத் தாங்கி நிற்கும் தண்டையும் யாரோ ஒருவர் தம் உழைப்பிலிருந்து கொடுத்தார். எங்கள் பங்கில் அவரது பெயரின் மூன்று எழுத்துகள் மட்டுமே மிஞ்சின. உங்கள் ஆலயத்தில் ஒருவேளை முழுப் பெயரும் இன்னும் இருக்கலாம். அடுத்த திருவிழாவுக்குப் புளியைக் கரைக்கும் முன், ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்.